தடயத்தின் தடம்

1993-இல் ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் என்ற ஊரில் ஒரு மூதாட்டி கொலை செய்யப்பட்டார். அவர் வீட்டுக் கோப்பையிலிருந்து எடுத்து வைத்த தடயத்தைப் பின்னாளில் ஆராய்ந்தபோது பெயர் தெரியாத ஒரு பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. 2001-இல் ஃப்ரைபுர்க் நகரில் ஒரு முதியவர் கொலையானார். அங்கும் அதே பெண். பிறகு ஒரு போதை ஊசியில், கடித்துப் போட்ட பிஸ்கட் துண்டில், திருட்டுப் போன காரில் என்று போகுமிடமெல்லாம் அவள் தடயம் வந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளில் ஏறத்தாழ 40 இடங்கள். 2007 ஏப்ரலில் ஹைல்பிரான் நகரில் காரில் அமர்ந்திருந்த 22 வயதுப் பெண் காவலர் ஒருவர் தலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காரிலும் அவள் இருந்தாள்.

தகவல் தருபவருக்கு 3 லட்சம் யூரோ பரிசு என்று அறிவித்தார்கள். ஒருவரும் அவளைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. அவளோடு சேர்ந்து திருடியதாகப் பிடிபட்டவர்கள்கூட, "அப்படி ஒரு பெண்ணே எங்களோடு இல்லை" என்றார்கள். பொய் சொல்கிறார்கள் என்று காவல்துறை நினைத்தது.

2009 மார்ச்சில் முடிச்சு அவிழ்ந்தது. எரிந்துபோன நிலையில் கிடைத்த ஓர் ஆணின் அடையாளத்தை உறுதி செய்ய, அவர் முன்பு அகதி விண்ணப்பத்தில் வைத்திருந்த கைரேகையிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள். அதில் அந்தப் பெண் வந்து நின்றாள்! மறுபடி சோதித்தபோது காணோம். அப்போதுதான் எல்லோர் பார்வையும் சோதனைக்குப் பயன்படுத்திய பஞ்சுக்குச்சியின் மேல் திரும்பியது. கொலைகாரி என்று ஒருத்தி இல்லவே இல்லை. பஞ்சுக்குச்சிகளைப் பொட்டலம் கட்டிய தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. அது.

குச்சிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதாம். ஆனால், எறும்பு விழுந்த பாலைக் காய்ச்சினால் எறும்பு செத்துப்போகும். பாலை விட்டுப் போய்விடாது. கிருமி நீக்கமும் அப்படித்தான். உயிரைக் கொல்லும், டி.என்.ஏ.வை அகற்றாது.

இந்தக் கதையில் என்னை விடாமல் உறுத்துவது ஒன்று உண்டு. கணினி எங்கும் தவறு செய்யவில்லை. 40 இடங்களின் மாதிரிகளிலும் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. இருக்கிறது என்றது, அது உண்மை. எந்த இடத்தில் என்ன கிடைத்தது என்ற பட்டியல் துல்லியமாக இருந்தது. எந்தப் பெட்டியிலிருந்து எடுத்த குச்சியால் ஒற்றினோம் என்ற பட்டியல்தான் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படவில்லை. மருந்துக் கடையில் வாங்கும் பத்து ரூபாய் மாத்திரை அட்டையில்கூட பேட்ச் எண் அச்சாகியிருக்கிறது. பக்கத்து மாநிலமான பவேரியாவில் இந்தப் பெண்ணின் கால்கூடப் படவில்லை. பவேரியக் காவல்துறை பஞ்சுக்குச்சியை வேறு இடத்தில் வாங்கியது! இரண்டு பட்டியல்களையும் ஒரே மேசையில் வைத்திருந்தால் பேய் அன்றே கலைந்திருக்கும்.

குற்றத்தைத் துப்பறியும் ஆய்வகம், குற்றவாளியைப் பற்றிச் சேகரிக்கும் தகவலுக்குச் சமமாகத் தன்னைப் பற்றிய தகவலையும் சேகரித்தாக வேண்டும். தடய அறிவியல் ஆய்வகத்தில் கணினிக்கும் தரவுக்கும் உள்ள முதல் வேலை இதுதான்.

சேங்கொட்டை மை

தடய அறிவியல் ஆய்வகம் என்றதும் நுண்ணோக்கியும் வெள்ளை அங்கியும் நம் கண்ணில் தெரிகின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் அது பாதி ஆய்வகம், பாதி கணக்குப்பிள்ளை அலுவலகம். இந்தியாவின் முதல் தடய ஆய்வகமே நம் ஊரில்தான் தொடங்கியது. 1849-இல் சென்னையில் அமைந்த ரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தின் பெரும்பணி, இறந்தவர் குடலில் நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது. அந்த நாளிலும் இன்றும் முதல் கேள்வி ஒன்றே: இந்தக் குடுவையில் இருப்பது எந்த மனிதருடையது?

ஓர் இரத்தக்கறை படிந்த சட்டை ஆய்வகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டையின் மூன்று இடங்களிலிருந்து துண்டு வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் ஒரு திரவத்தில் ஊறவைத்து டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். அதில் ஒரு துளி, 96 குழிகள் கொண்ட சிறு தட்டில் ஒரு குழிக்குப் போகிறது. மற்ற குழிகளில் வேறு வழக்குகளின் துளிகள். எல்லாம் நிறமற்ற தண்ணீர்போல ஒன்றாகவே இருக்கும். கருவி அதை வாசித்து மேடு பள்ளமான ஒரு வரைபடம் தருகிறது. வரைபடம் சில எண்களாகிறது. எண்கள் அறிக்கையாகின்றன. சட்டை மறைந்து எண் மட்டும் மிஞ்சும் இந்தப் பயணத்தில் ஒரே ஒரு குழி இடம் மாறினால் போதும், குற்றமற்றவர் சிறைக்குப் போவார்.

இதே சிக்கலை நம் ஊர்ச் சலவைத் துறைகள் எப்போதோ தீர்த்துவிட்டன. நூறு வீட்டு வெள்ளை வேட்டிகள் ஒரே ஆற்றில் இறங்கி, ஒரே கொடியில் காய்ந்து, தத்தம் வீட்டுக்குச் சரியாகத் திரும்பிவிடும். காரணம், துணி ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட ஒரு சிறு குறி. எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அது போகாது. அடையாளம் தெரியாத உடல்களை அந்தச் சலவைக் குறியை வைத்தே காவல்துறை அடையாளம் கண்ட காலமும் உண்டு.

இன்றைய ஆய்வகத்தின் சேங்கொட்டை மை பார்கோடு. உறை வந்திறங்கியதும் அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. வெட்டிய துண்டுகள் அதன் பிள்ளைகள், துளிகள் பேரப்பிள்ளைகள். எந்தத் துளியைக் காட்டினாலும் அதன் பாட்டன் யார், எந்த வழக்கில் எந்த நாளில் பிறந்தது என்று வம்சாவளி சொல்லும் மென்பொருளை ஆய்வகத் தகவல் மேலாண்மை அமைப்பு என்கிறார்கள். ஆய்வகக்காரர்கள் பேச்சில் அது 'லிம்ஸ்'. வம்சாவளியோடு அது இன்னொன்றையும் குறித்துக்கொள்ளும்: எந்தப் புட்டியின் ரசாயனம், எந்தக் கருவி, அது கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது, எந்தப் பேட்ச் பஞ்சுக்குச்சி. தரவைப் பற்றிய இந்தத் தரவை மீத்தரவு எனலாம். ஹைல்பிரானில் குறைந்தது இதுதான்.

அழிக்காமல் திருத்துவது

தடயப் பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் கொடுத்தவர், வாங்கியவர், நேரம் மூன்றும் பதிவாக வேண்டும். இதைக் கைமாற்றுச் சங்கிலி என்போம். ஒரு கண்ணி அறுந்தாலும் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கேதான் கை வைப்பார். வைக்கவும் வேண்டும்.

சங்கிலி காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஆய்வகம் ஒன்றில் போதைப்பொருள் மாதிரிகளைப் பரிசோதித்துவந்த ஒரு வேதியியலாளர், மற்றவர்களைவிட வெகு வேகமாக வேலை முடிப்பவர் என்று பெயரெடுத்திருந்தார். 2011 ஜூனில் அவர் சேமிப்பு அறையிலிருந்து 90 மாதிரிகளைக் கையெழுத்துப் போடாமல் எடுத்துச் சென்றார். பிறகு பதிவேட்டில் சக ஊழியரின் கையொப்ப எழுத்துகளைத் தானே போட்டு வைத்தார். துருவ ஆரம்பித்தபோது பெரிய உண்மை வெளிவந்தது. பல மாதிரிகளைப் பரிசோதிக்காமல் கண்ணால் பார்த்தே 'போதைப்பொருள்' என்று எழுதியிருக்கிறார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

அதற்குப் பின் எழுந்த கேள்வி இன்னும் கடினம். அவர் கைபட்ட மாதிரிகளால் பாதிக்கப்பட்டவர்கள் யார் யார்? 40,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட பட்டியலைத் தொகுக்கவே பெரும் முயற்சி வேண்டியிருந்தது. 2017-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் 21,000-க்கும் அதிகமான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அதற்குள் பலர் தண்டனையை அனுபவித்து முடித்திருந்தார்கள்.

நம் பழைய மளிகைக் கடைப் பேரேட்டில் ஓர் ஒழுக்கம் உண்டு. தவறாக எழுதிய தொகையைச் சுரண்டி அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, அடியிலிருப்பது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியான தொகையை எழுத வேண்டும். நல்ல ஆய்வக மென்பொருளும் இந்த ஒழுக்கத்தில்தான் இயங்குகிறது. ஒரு முடிவை மாற்றலாம். ஆனால் முந்தைய முடிவு என்ன, யார் மாற்றினார், எந்த நொடியில், ஏன் என்பதெல்லாம் அடியில் நிலைத்து நிற்கும். இதற்குத் தணிக்கைத் தடம் என்று பெயர். அடுத்தவர் கையெழுத்தைக் காகிதத்தில் போடுவது எளிது. ஒவ்வொருவருக்கும் தனி நுழைவு வைத்த அமைப்பில் அது அத்தனை எளிதல்ல. கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதித் திரையில் ஒட்டிவைத்தால் மட்டும் மறுபடி காகிதக் காலத்துக்கே போய்விடுவோம்.

இன்னொரு பயனும் உண்டு. எண்கள் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒருவருடைய வேகம் நம்பத்தக்கதுதானா என்று கேட்க முடியும். ஒரு நாளுக்கு இத்தனை சோதனை மனிதரால் ஆகுமா? அந்தக் கேள்வியைச் சில வருடங்கள் முன்பே யாராவது அழுத்திக் கேட்டிருந்தால் எத்தனை பேர் சிறைக்குப் போகாமல் இருந்திருப்பார்கள்!

தொட்டால் மாறும் தடயம்

சட்டைக்கு அரக்கு முத்திரை வைக்கலாம். கைப்பேசிக்குள் இருக்கும் ஒரு புகைப்படத்துக்கு எப்படி வைப்பது? மின்னணுத் தடயம் தொட்டாற்சிணுங்கி போன்றது. ஒரு கணினி வட்டைச் சும்மா இணைத்தாலே இயங்குதளம் அதில் எதையாவது எழுதிவிடக்கூடும். கோப்பைத் திறந்த தேதி மாறிவிடக்கூடும்.

ஆகவே முதல் வேலை, எழுதவிடாமல் தடுப்பது. வட்டுக்கும் கணினிக்கும் நடுவே எழுத்துத் தடுப்பான் என்ற சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். ஒருபுறம் மட்டும் நீர் விடும் மதகுபோல, வட்டிலிருந்து தகவல் வெளியே வரும். வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாது. அதன் வழியே வட்டை முழுதாக நகலெடுத்து, ஆய்வெல்லாம் நகலின் மேலேயே நடத்துகிறார்கள். அசலைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள்.

நகல் அசலைப் போலவே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இதற்கான உத்தியைப் படிப்படியாகப் பார்ப்போம். ஒரு கடிதத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து எல்லாவற்றையும் கூட்டி, கூட்டுத்தொகையைத் தனியே எழுதி வைக்கிறோம். யாராவது ஓர் எழுத்தை மாற்றினால் தொகை மாறும், பிடித்துவிடலாம். ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இந்த வகையைச் சேர்ந்த, ஆனால் இன்னும் கெட்டிக்காரத்தனமான ஒரு சோதனை இலக்கமே. ஆனால் வெறும் கூட்டலில் ஓட்டை இருக்கிறது. ஓரிடத்தில் ஒன்றைக் கூட்டி இன்னோரிடத்தில் ஒன்றைக் குறைத்தால் தொகை மாறாது. வேண்டுமென்றே திரிப்பவருக்கு இது போதும்.

ஆகவே கூட்டுவதற்குப் பதில் கலக்க வேண்டும். ஒரு சிட்டிகை மஞ்சள் குடம் பால் முழுவதிலும் நிறமேற்றுவதைப்போல, ஒவ்வோர் எழுத்தின் பாதிப்பும் முழு விடையிலும் பரவ வேண்டும். இப்படிக் கலக்கிப் பிழியும் கணித முறையின் விடைக்கு ஹாஷ் என்று பெயர்; தமிழில் சாரக்குறி எனலாம். இன்று பெரிதும் பயன்படும் ஷா-256 என்ற முறையில், ஒரு வரி கொடுத்தாலும் ஒரு முழுத் திரைப்படத்தைக் கொடுத்தாலும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு சாரக்குறிதான் வரும். திரைப்படத்தில் ஒரே ஒரு புள்ளியின் நிறத்தை மாற்றினால் சாரக்குறி அடியோடு வேறாகிவிடும். மாவிலிருந்து அரிசியைத் திரும்பப் பெற முடியாததுபோல, சாரக்குறியிலிருந்து படத்தை மீட்கவும் முடியாது. கைப்பற்றிய நாளில் ஒரு குறி, நீதிமன்றத்தில் ஒரு குறி: இரண்டும் ஒன்றானால் இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று நம்பலாம்.

எவ்வளவு நம்பலாம்? வெவ்வேறான இரண்டு கோப்புகள் தற்செயலாக ஒரே குறியைத் தரலாம்தானே? ஷா-256-இல் வரக்கூடிய குறிகளின் எண்ணிக்கை 78 இலக்கம் கொண்ட ஓர் எண். தற்செயலுக்கு அங்கே இடமில்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் கணித மேதைகள் தற்செயலுக்குக் காத்திருப்பதில்லை. எம்.டி.5 என்ற பழைய முறையில் ஒரே குறி தரும் இரு வேறு தரவுகளை உருவாக்க முடியும் என்று சீன ஆய்வாளர் வாங் ஷியாவ்யூன் குழுவினர் 2004-இல் காட்டினார்கள். அடுத்து வந்த ஷா-1 முறையும் 2017-இல் அதேபோல் உடைந்தது. இத்தகைய உடைப்புகளால்தான் வலுவான முறைக்கு மாற வேண்டும் என்பது தெரிந்தது. பூட்டை உடைத்துப் பார்த்தே பூட்டின் வலுவை அறியும் துறை இது.

இது இப்போது நம் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழில் சாரக்குறியையும் அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பெரிய கூட்டத்தில் தேடுவது

இனி, டி.என்.ஏ. தரவுத்தளம். பிரிட்டன் 1995-இல் தன் தேசியத் தளத்தைத் தொடங்கியது. 1999-இல் அங்கே ஒரு வினோதம் நடந்தது. பால்டன் நகரில் நடந்த ஒரு வீட்டுத் திருட்டின் தடயம், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் ஸ்விண்டனில் வசித்த ஒருவரோடு பொருந்தியது. அவருக்கு முற்றிய நடுக்குவாதம். தானாக உடை மாற்றுவதே சிரமம். ஆனால், இந்தப் பொருத்தம் தற்செயலாக ஏற்பட 3 கோடியே 70 லட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு என்றது கணக்கு.

கணக்கு சரிதான். கேள்விதான் மாறிவிட்டது. ஒரு கல்யாணத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே பிறந்தநாள் என்றால் வியப்புதான். 365-இல் ஒரு வாய்ப்பு. ஆனால் ஒலிபெருக்கியில் உங்கள் பிறந்தநாளைச் சொல்லி ஆயிரம் விருந்தினரையும் கேட்டால் இரண்டு மூன்று பேர் கை தூக்குவார்கள். அதில் வியப்பில்லை. அன்று பிரிட்டன் தளத்தில் சுமார் 7 லட்சம் பேர் இருந்தார்கள். ஒவ்வொரு தடயத்தையும் அந்த 7 லட்சம் பேரோடும் ஒப்பிடும்போது, தற்செயல் பொருத்தத்துக்கு ஐம்பதில் ஒன்று என்ற அளவுக்கு வாய்ப்பு வந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான தடயங்களைத் தேடினால் என்றோ ஒருநாள் அது நடந்தே தீரும்.

அந்த முதல் சோதனை டி.என்.ஏ.வில் 6 இடங்களை மட்டுமே பார்த்திருந்தது. 10 இடங்களைப் பார்த்ததும் அவர் விடுவிக்கப்பட்டார். அமெரிக்காவும் தன் தேசியத் தளத்துக்கான 13 அடிப்படை இடங்களை 2017 முதல் 20 ஆக்கியது. கூட்டம் பெருகினால் அடையாளமும் நுணுக்கமாக வேண்டும். அதோடு, தரவுத்தளம் தரும் பெயர் விசாரணையின் தொடக்கமே, முடிவல்ல என்பதும் அன்று உறைத்தது.

இந்தத் தளங்களில் இன்னொரு அழகும் உண்டு. அமெரிக்கத் தேசியத் தளத்தில் மாதிரிக்கு உரியவரின் பெயர் கிடையாது. மாதிரி எண், ஆய்வகக் குறியீடு, டி.என்.ஏ. எண்கள் போன்றவைதான். பொருத்தம் உறுதியான பிறகே அந்தந்த ஆய்வகம் பெயரை எடுத்துத் தரும். சலவைக் குறிபோல: ஆற்றில் இருப்பவருக்குக் குறி போதும், வீட்டுக்காரர் பெயர் தேவையில்லை.

ஆய்வகத்தையே சோதிப்பது

உணவுப் பாதுகாப்பு அலுவலர் சொல்லிவிட்டு வந்தால் எந்த ஓட்டல் சமையலறையும் பளபளக்கும். வாடிக்கையாளராக உட்கார்ந்து இட்லி கேட்டால்தான் நிலவரம் தெரியும். ஆய்வகங்களுக்கும் அப்படியே. ஹூஸ்டன் நகரக் காவல்துறை ஆய்வகத்தின் டி.என்.ஏ. பிரிவு, கூரை ஒழுகும் அளவுக்குச் சீர்கெட்டு 2002-இல் மூடப்பட்டது. 2014-இல் அந்தப் பணி, காவல்துறைக்குக் கட்டுப்படாத தனி நிறுவனத்திடம் வந்தது. அது 2015 முதல் ஒரு துணிச்சலான பழக்கத்தைக் கைக்கொண்டது: விடை முன்பே தெரிந்த போலி வழக்குகளைத் தயாரித்து, உண்மை வழக்குகளோடு கலந்து அனுப்புவது. ஆய்வு செய்பவருக்கு எது போலி என்று தெரியாது. விடை தவறினால் எங்கே பிசகியது என்று தடத்தைப் பின்பற்றிப் போகலாம். யாருக்கு எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தும் தகவல் அமைப்பு இல்லாமல் இது நடக்காது.

இன்னொரு காவல், விலக்குப் பட்டியல். ஆய்வகப் பணியாளர், களத்துக்குப் போகும் காவலர், பஞ்சுக்குச்சித் தொழிற்சாலைப் பணியாளர் இவர்களின் டி.என்.ஏ. எண்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புது முடிவையும் முதலில் அவற்றோடு ஒப்பிடுவது. பொருந்தினால் 'மாசு கலந்திருக்கிறது' என்று கணினி எச்சரிக்கும். தடயச் சேகரிப்புப் பொருட்களை டி.என்.ஏ. மாசின்றித் தயாரிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 18385 என்ற பன்னாட்டுத் தரமும் 2016-இல் வந்தது.

இத்தனையும் கணினியில் ஏறிய பின் கணினியே நின்றுவிட்டால்? 2019 ஜூனில் பிரிட்டன் காவல்துறைக்குப் பெரும்பங்கு ஆய்வுகள் செய்துவந்த யூரோஃபின்ஸ் நிறுவனம் பணயத் தாக்குதலுக்கு ஆளானது. கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் அது. காவல்துறை புது மாதிரிகள் அனுப்புவதை நிறுத்தியது. ஏறத்தாழ 20,000 மாதிரிகள் தேங்கின. உழவர் வீட்டில் எவ்வளவு பசியென்றாலும் விதைநெல் தனிக் குதிரில் இருக்கும். தரவின் ஒரு பிரதி, எந்த வலையோடும் இணையாமல் தனியே இருக்க வேண்டும் என்பதும் அதே ஞானம்தான்.

ஹைல்பிரானுக்கே திரும்புவோம். இல்லாத அந்தப் பெண்ணைத் தேடி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓடின. அக்காலத்தில் அந்தப் பகுதிக்கு வந்துபோன ரோமா மக்கள் மேல் சந்தேகம் விழுந்தது. கொல்லப்பட்ட காவலரின் துப்பாக்கி 2011 நவம்பரில்தான் கிடைத்தது, ஐசனாக் நகரில் எரிந்து நின்ற ஒரு வண்டியில். அதிலிருந்தவர்கள் குடியேறிகளைத் தேடித் தேடிச் சுட்டுக் கொன்றுவந்த ஒரு நவநாஜிக் கும்பல். காவல்துறை ஒரு தொழிற்சாலைப் பெண்ணின் உயிரணுக்களைத் துரத்திக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர்கள் சுதந்திரமாகத் திரிந்தார்கள்.

பஞ்சுக்குச்சி வரும் பெட்டியின் மேல் ஒரு பேட்ச் எண் இருக்கும். அதைப் பார்கோடு கருவி வாசிக்க ஒரு நொடி ஆகும். ஒவ்வொரு வழக்கின் பதிவிலும் அந்த ஒரு நொடிக்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும்.